காட்டுவதற்கு முன் பதியுங்கள்: ஆக்கவுரிமை பற்றி வியாபாரிகள் அறிய வேண்டியவை

மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு 'சிரொக்கோ' என்ற பெயர் புதிதல்ல. தேயிலையை உலர்த்தும் இயந்திரத்தின் பெயர் அது. அதை உருவாக்கிய சாமுவேல் டேவிட்சன் ஓர் அயர்லாந்துக்காரர். 1864இல் இந்தியாவின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வேலைக்கு வந்தவர். கரி அடுப்பின் மேல் தேயிலையை வைத்து உலர்த்தும் சிரமத்தைக் கண்ணால் கண்டு, சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தும் இயந்திரத்தை வடிவமைத்தார். அதற்கு ஆக்கவுரிமை, அதாவது 'பேட்டன்ட்' பெற்றுக்கொண்டார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் சொந்தத் தொழிற்சாலையும் தொடங்கினார்.

தோட்டத்தில் கண்ட ஒரு கஷ்டமே அவருக்கு வியாபாரமானது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தொழில் செய்யும் நம்மவர்களும் இத்தகைய கஷ்டங்களைத் தினமும் காண்கிறார்கள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் அது யாருக்குச் சொந்தம்?

ஓர் உதாரணம் பார்ப்போம். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு லீக்ஸும் கரட்டும் அனுப்பும் வியாபாரி ஒருவர், வழியில் மரக்கறி வாடாதிருக்க உட்புறம் பொலியூரிதேன் போம் நிரப்பிய பெட்டியொன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் தேங்காதபடி மூடியில் புதுவிதமான காற்று வழியும் அமைக்கிறார். சந்தோஷத்தில் சந்தையில் எல்லோருக்கும் காட்டுகிறார். ஆறு மாதத்தில் அதே பெட்டியை நான்கு பேர் செய்து விற்கிறார்கள். அவர் பதிவு எதுவும் செய்திருக்காவிட்டால், ஆக்கவுரிமையைச் சொல்லி அவர்களைத் தடுக்க முடியாது.

எதற்குக் கிடைக்கும்?

நம் நாட்டில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவு செய்வது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கண்டுபிடிப்பு உலகில் எங்கும் முன்பு வெளிவராத புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் தேர்ந்தவருக்கு இலகுவில் தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். கைத்தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்களுக்கு. இடையில் வருடாந்தக் கட்டணம் செலுத்தத் தவறினால் உரிமை போய்விடும்.

நமது வியாபாரி பொலியூரிதேனுக்கு உரிமை கேட்க முடியாது. இரண்டு திரவங்களைக் கலந்தால் பொங்கி இறுகும் இந்தப் பொருளை ஜெர்மனியில் ஒட்டோ பேயரும் குழுவினரும் 1937இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் காலத்து உரிமை எப்போதோ முடிந்தது. இன்று குளிரூட்டியின் சுவரிலும் மெத்தையிலும் அது இருக்கிறது. ஆனால் புதிய கலவைகளுக்கும் புதிய அமைப்புகளுக்கும் இன்றும் ஆக்கவுரிமை வழங்கப்படுகிறது. அவருடைய மூடியின் காற்று வழி உண்மையிலேயே புதியதானால், அதற்கு மட்டும் கேட்கலாம்.

காலம் பிந்தினாலும் நட்டம், முந்தினாலும் நட்டம்

கடைகளில் சரக்கைக் கணக்கெடுக்கவும் ஓடரைச் சரிபார்த்து அனுப்பவும் உதவும் பார்கோட் கோடுகளைப் பாருங்கள். உட்லண்ட், சில்வர் என்ற இரு அமெரிக்கர்கள் 1952இலேயே அதற்கு ஆக்கவுரிமை பெற்றார்கள். அதை வாசிக்க ஏற்ற கருவி அன்று இல்லை. உரிமையை 15,000 டொலருக்கு விற்றுவிட்டார்கள். 1969இல் அது காலாவதியானது. சுப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாகப் பார்கோட் பொருள் விற்பனையானது 1974இல்தான்!

மறுபக்கம் வைஃபை. அவுஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, கம்பியில்லா வலையமைப்பில் சமிக்ஞை குழம்பாதிருக்கும் வழிக்கு 1996இல் அமெரிக்காவில் உரிமை பெற்றது. உலகமெங்கும் அந்த வழி பரவியதும் பெரும் கம்பனிகளுக்கு எதிராக வழக்காடி, 40 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் ஈட்டியது. 2013இல் அந்த உரிமையும் முடிந்தது.

வியாபார முறைக்கு உரிமை உண்டா?

அமேசான் நிறுவனம் ஒரே தட்டில் ஓடர் கொடுக்கும் முறைக்கு 1999இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்று, அதே வருடம் போட்டிக் கம்பனி மீது வழக்கும் போட்டது. 2017இல் அது காலாவதியானது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் வியாபாரம் செய்யும் திட்டங்களுக்கும் முறைகளுக்கும் ஆக்கவுரிமை தருவதில்லை. தோட்டக் கடைகளின் ஓடரைத் தொலைபேசியில் எடுத்து ஒரே லொறியில் பிரித்து அனுப்ப நீங்கள் ஒரு முறை வகுத்தால், அதைப் பேட்டன்ட் செய்ய முடியாது. கடையின் பெயரை வர்த்தகக் குறியாகப் பதியலாம். அது வேறு பாதுகாப்பு.

மனதில் வைக்க வேண்டியவை

முதலாவது, விண்ணப்பிப்பதற்கு முன் எவருக்கும் காட்டாதீர்கள். நீங்களே வெளியிட்டிருந்தால் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க நம் சட்டம் இடம் தருகிறது. எல்லா நாடுகளும் அப்படியல்ல. ஐரோப்பாவில் பொதுவாக அந்தச் சலுகை இல்லை.

இரண்டாவது, ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு வேறு. இலங்கையில் பெற்றது இந்தியாவில் செல்லாது. வெளிநாட்டிலும் வேண்டுமானால், இங்கு விண்ணப்பித்து 12 மாதங்களுக்குள் அங்கும் விண்ணப்பித்தால் முதல் திகதியின் முன்னுரிமை கிடைக்கும்.

மூன்றாவது, இங்கே உரிமை உயிரோடிருக்கும் ஒரு பொருளை அனுமதியின்றிச் செய்பவர் மட்டுமல்ல, விற்பவரும் மாட்டிக்கொள்ளலாம். புதுவகைச் சாமானை மலிவாகத் தருகிறோம் என்று யாராவது வந்தால், அதற்கான அனுமதி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதேபோல் இங்கே பதியப்படாத, அல்லது காலாவதியான வெளிநாட்டுக் கண்டுபிடிப்பை இங்கு செய்வதற்கு ஆக்கவுரிமை தடையில்லை. அதைப் பதிவு உள்ள நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால்தான் சிக்கல்.

டேவிட்சன் தோட்டத்தில் கண்டதைப் பதிவு செய்தார். நம்மில் பலர் கண்டதைச் சந்தையில் பேசிவிடுகிறோம். உங்கள் பட்டறையிலோ களஞ்சியத்திலோ புதிதாக ஒன்று உருவானால், முதலில் வரைபடத்தோடு எழுதித் திகதியிட்டு வையுங்கள். அந்தக் கடதாசி உரிமை தராது; விண்ணப்பம் எழுத உதவும். அடுத்த பயணம் சந்தைக்கல்ல, கொழும்புப் பதிவு அலுவலகத்துக்கு இருக்கட்டும்.