தக்காளி குழைந்து போவது ஏன்?

மாலையில் கெட்டியாகப் பறித்துக் கூடையில் அடுக்கிய தக்காளி, மறுநாள் சந்தையில் இறக்கும்போது அடியில் குழைந்து சாறு வடிகிறது. வியாபாரி விலையைக் குறைத்துவிடுகிறார். இதற்கு வண்டியின் ஆட்டம் மட்டும் காரணமல்ல. பழத்தினுள்ளே நடைபெறும் மாற்றங்களும் காரணமாகும்.

தக்காளியின் சதை எண்ணற்ற நுண்ணறைகளால் ஆனது. செங்கற்களைச் சாந்து பிடித்திருப்பது போல, இந்த அறைகளைப் பெக்டின் என்னும் பசைப்பொருள் பிணைத்து வைத்திருக்கிறது. காய் முற்றியதும் அதில் எத்திலீன் என்ற வாயு மிகுதியாக உண்டாகிறது. இது நொதிகள் எனப்படும் என்சைம்களைத் தூண்டிவிடுகிறது. ஒரு நொதி பெக்டினைப் பக்குவப்படுத்த, பாலிகேலக்டுரோனேஸ் என்ற மற்றொரு நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பச்சைக் காயில் அநேகமாக இல்லாத இந்த நொதி, நிறம் மாறும்போது தோன்றி, பழம் சிவக்கச் சிவக்கப் பெருகுகிறது. பிணைப்பு தளர்ந்து பழம் மெதுவாகிறது.

இந்த ஒரு நொதியை மட்டும் குறைத்த மரபணு மாற்றுத் தக்காளி 1994-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் பழம் எதிர்பார்த்த அளவு கெட்டியாக நிற்கவில்லை. பல நொதிகள் சேர்ந்தே பழத்தைக் குழைக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

நொதிகளின் வேலையை நிறுத்த முடியாது; தாமதப்படுத்த முடியும். அதற்குக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. தொலைதூரச் சந்தைக்கு, காயின் நுனியில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கியதும் பறிக்க வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்குப் பாதி சிவந்த பழம் ஏற்றது.

2. வெப்பம் கூடினால் பழத்தின் ஆயுள் குறையும். வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் பரப்ப வேண்டும். 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சிவப்பு நிறமும் சரியாக ஏறாது.

3. கனிந்த பழமும் அடிபட்ட பழமும் எத்திலீனை வெளிவிட்டு, பக்கத்துக் காய்களையும் பழுக்க வைக்கும். இவற்றைப் பொறுக்கித் தனியே வைக்க வேண்டும்.

4. பச்சைக் காயைக் கடுங்குளிரில் நாள்கணக்கில் வைத்தால் பின்னர் சரியாகப் பழுக்காது.

5. மிகவும் கனிந்த பழத்தைக் கூழாக்கலாம். நறுக்கியவுடன் நன்றாகச் சூடாக்க வேண்டும். சூட்டில் நொதிகள் செயலிழப்பதால் கூழ் கெட்டியாக இருக்கும். நறுக்கி வைத்துவிட்டுப் பிறகு காய்ச்சினால் நீர்த்துப் போகும்.

சந்தை எவ்வளவு தூரம் என்று பார்த்துப் பறிப்பவருக்குக் கழிவு குறையும். கூடைக்கு உரிய விலையும் கிடைக்கும்.