திரைக்குப் பின்னால் ஒரு கவுன்ட்டர்

தாராவியில் தோல் பைகள் தைக்கும் வாடிக்கையாளர் ஒருவர், திருநெல்வேலியில் உள்ள தம் தாயாருக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்புகிறார். சில நொடிகளில் 'பரிவர்த்தனை வெற்றி' என்ற செய்தி வருகிறது. அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்பதை வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

முன்பெல்லாம் பணம் கட்ட வருவோர் செலானை நிரப்பிக் கவுன்ட்டரில் நீட்டுவர். கணக்கு எண் உள்ளதா, எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒன்றுதானா, கையொப்பம் உள்ளதா என்று பார்த்த பின்னரே காசாளர் பணத்தை எண்ணுவார். குறை இருப்பின் அதைச் சுட்டிக்காட்டித் திருப்பித் தருவார். சரியெனில் முத்திரையிட்ட அடிச்சீட்டைக் கொடுப்பார். இன்று அப்பணியைச் சர்வர் செய்கிறது. செயலியின் கோரிக்கையைச் சர்வர் பெற்றுக்கொள்ளும் வாசலே ஏ.பி.ஐ. எனப்படுகிறது.

அந்த வாசலில் முதற்கண் வடிவம் பார்க்கப்படுகிறது. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 இடங்கள் உண்டு. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும்; ஐந்தாவது எப்போதும் சுழியம்; இறுதி ஆறு கிளையைக் குறிக்கும். சுழியத்திற்குப் பதிலாக 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தை இட்டால், கணக்குப் பதிவுகளைத் தொடாமலேயே கோரிக்கையைத் திருப்பிவிடலாம். கைப்பேசிச் செயலியும் இதைச் சரிபார்க்கக்கூடும். ஆயினும் பழைய செயலியிலிருந்தோ, திருத்தப்பட்ட போலிச் செயலியிலிருந்தோ கோரிக்கை வரலாம் என்பதால் சர்வர் தானும் ஒருமுறை சரிபார்க்கிறது.

அடுத்து, கணக்கு இயக்கத்தில் உள்ளதா, ரகசிய எண் சரியா, போதிய இருப்பு உள்ளதா, வரம்பு மீறப்பட்டதா என்பன ஆராயப்படுகின்றன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் இருப்பதால், ஒரே கோரிக்கை இருமுறை வந்து சேர்ந்தாலும் பணம் ஒருமுறையே கழிக்கப்படும்.

பதிலும் ஒரு வரையறுத்த வடிவிலேயே அனுப்பப்படுகிறது. நிலை, காரணக் குறியீடு, குறிப்பு எண் ஆகியவை அதில் அடங்கும். அக்குறியீட்டைப் படித்து, நமக்குப் புரியும் மொழியில் செயலி காட்டுகிறது. தாராவியை அடுத்த பாந்த்ரா குர்லா வளாகத்தில் அமைந்துள்ள தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உருவாக்கிய யூ.பி.ஐ., 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. பல வங்கிகளும் பல செயலிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கு, கோரிக்கைக்கும் பதிலுக்கும் பொதுவான வடிவம் இருப்பதே காரணம்.

வெற்றி, தோல்வி ஆகியவற்றோடு 'நிலுவை' என்ற மூன்றாவது பதிலும் உண்டு. உரிய நேரத்தில் மறுமுனையிலிருந்து விடை வரவில்லை என்பதே அதன் பொருள். தோல்வி என்று பொருளல்ல. மாட்டுங்கா பூக்கடையில் இப்பதிலைக் கண்டு உடனே மீண்டும் செலுத்தினால், அது புதிய அடையாள எண் கொண்ட புதிய கோரிக்கையாகிவிடும். இருமுறை பணம் போகலாம். கணக்கில் பணம் கழிந்து, பெறுநருக்குச் சேராவிடில், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையின்படி, தனிநபருக்கு அனுப்பிய தொகை மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்திய தொகை ஐந்து நாட்களுக்குள்ளும் தாமாகவே திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு உண்டு.

எனினும், சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. செம்பூரைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டிவிட்டு எங்களிடம் வந்தார். வடிவம் சரியாக இருந்தது. அந்த எண்ணில் கணக்கும் இருந்தது. ஆனால் அது வேறொருவருடையது. பெறுநரின் ஒப்புதலின்றி அவர் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துத் தர எங்களால் இயலவில்லை. அவர் இசைந்து திருப்பித் தரும் வரை பல வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது.

இத்தகைய பிழையைத் தடுக்கவே, நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பரிமாற்றங்களில் பணம் அனுப்பும் முன் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு வங்கிகளை ரிசர்வ் வங்கி பணித்தது. எண் சரியான வடிவில் உள்ளதா என்பதைச் சர்வர் பார்த்துக்கொள்ளும். அது தாங்கள் கருதிய மனிதரின் எண்தானா என்பதைத் தாங்கள்தாம் அறிவீர்கள். ஆகவே, திரையில் தோன்றும் பெயரைப் படித்த பின்னரே உறுதி செய்யுங்கள். பணம் சேர்ந்த பின்னும் குறிப்பு எண்ணைப் பாதுகாத்து வையுங்கள். முத்திரையிட்ட அடிச்சீட்டுக்கு ஈடாக இன்று தங்கள் கையில் இருப்பது அதுவே.