காருக்குள் ஒரு தீயணைப்பான்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

பங்குனி, சித்திரையில் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். சம்பா அறுப்புக்குச் சற்று முன்பு தெளித்த உளுந்தும் பயறும் முற்றியதும், செடியோடு பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பியிருப்பார்கள். வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். பக்கத்தில் களம் இல்லாத விவசாயிக்கு வேறு வழியில்லை, அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காய்ந்த கொடி காரின் அடியில் சிக்கிச் சுருண்டுகொண்டால், அது போய் ஒட்டுவது சைலன்சர் குழாயில். வண்டி ஓடும்போது எஞ்சினை ஒட்டிய பகுதியில் அந்தக் குழாய் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். புகை கிளம்ப அதிக நேரம் ஆகாது.

அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். இரண்டு நாள் எடுக்காமல் நிறுத்திய காரின் பானெட்டுக்குள் வைக்கோல் துணுக்கைச் சேர்த்துக் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும், பெட்ரோல் ஹோஸையும் கடிக்கும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த கூடுதல் விளக்கும் ஹாரனும் இதோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். கார்த் தீ இப்படிச் சாதாரணமாகத்தான் தொடங்குகிறது.

சொந்தக் காரில் தீயணைப்பான் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். வைக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் இருத்துங்கள்: 1 கிலோ தீயணைப்பான் முழுவதும் பீய்ச்சி முடிய ஏறக்குறைய 8 முதல் 10 விநாடி. உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான். எதை வாங்குவது, எங்கே மாட்டுவது, எப்போது விட்டு ஓடுவது எல்லாவற்றையும் அந்தப் பத்து விநாடிதான் முடிவுசெய்கிறது.

காருக்கு ஏற்றது ஏபிசி பவுடர். ஏ என்பது துணி, ரப்பர், வைக்கோல் போன்ற திடப்பொருள் தீ, பி பெட்ரோல், டீசல், ஆயில், சி எரிவாயு. காரில் முதல் இரண்டும் கலந்தே எரியும், கேஸ் வண்டியில் மூன்றாவதும் சேரும். அந்தப் பவுடரில் முக்கியமானது மோனோ அமோனியம் பாஸ்பேட். சூட்டில் உருகி எரியும் பொருளின் மேல் படலமாகப் படிவதால் மறுபடி பற்றிக்கொள்வதைத் தடுக்கும். பிசி என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் சோடா உப்பு வகை. சீட்டுத் துணியில் பிடித்த தீக்குப் போதாது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் அலுவலகத்துக்கு நல்லது, காருக்கு வேண்டாம். கனம் அதிகம், திறந்தவெளியில் காற்று அதைக் கலைத்துவிடும், மூடிய காருக்குள் கசிந்தால் மூச்சு முட்டும். எரிகிற பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

சின்ன காருக்கு 1 கிலோ, ஏழு பேர் போகும் வண்டிக்கு 2 கிலோ. கடையில் ‘ஃபயர் சிலிண்டர்’ என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். உடம்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் இருக்கிறதா, மானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, தயாரித்த மாதமும் ஆண்டும் என்ன என்று பாருங்கள். தாங்கக்கூடிய வெப்பநிலையையும் லேபிளில் போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். பார்க்க அழகாக இருக்கும் ஸ்பிரே டப்பா ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சிலிண்டருக்கு ஈடாகாது.

பலர் நல்ல பொருளை வாங்கிக்கொண்டு மாட்டும் இடத்தில் கோட்டை விடுகிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டுவைத்தால், பின்னால் லாரி இடித்துக் கதவு நசுங்கிய அன்று அது இல்லாததற்குச் சமம். பெட்டியும் பையும் அடைத்திருக்கும் சாதாரண நாளிலும் அதை எடுப்பதற்குள் நேரம் போய்விடும். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் சும்மா வைப்பது அதைவிட ஆபத்து. உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் மிதிக்க முடியாது. 1 கிலோ பவுடர் உள்ள சிலிண்டர் உலோகத்தோடு சேர்த்து 2 கிலோ அளவுக்கு வரும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அந்தச் சிலிண்டர் சுமார் 40 கிலோ விசையோடு முன்னால் பாயும். ஆகவே கட்டாமல் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம்.

நல்ல இடம், முன்பக்கப் பயணி சீட்டின் முன் விளிம்புக்குக் கீழே. ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றிய கையோடு குனிந்து எடுக்கலாம், வெளியே நிற்பவரும் இடதுகதவைத் திறந்து எடுக்கலாம். இரும்புப் பட்டை போட்ட, ஒரே இழுப்பில் திறக்கும் பிராக்கெட்டை வாங்கி, சீட் தண்டவாளத்தைத் தரையில் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே தகடு வைத்து மெக்கானிக்கிடம் பொருத்தச் சொல்லுங்கள். தரையில் புது ஓட்டை போட விடாதீர்கள். அடியில் பெட்ரோல் குழாயோ பிரேக் குழாயோ ஓடலாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்போடு வரும் ஒயர் ஏர்பேக்குக்கோ பெல்ட்டுக்கோ உரியது, அதைத் தொடவே கூடாது. பொருத்தியபின் சீட்டை முன்னும் பின்னும் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். மானி மேலே தெரியும்படி இருக்க வேண்டும்.

தீ எவ்வளவு சீக்கிரம் வளரும் என்பதைக் கும்பகோணத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளியில், சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரையில் ஏறி 94 குழந்தைகளைப் பறித்துக்கொண்டது. காரிலும் முதல் வேலை ஆட்களை இறக்குவதுதான். ஓரங்கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள், எல்லோரையும் இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது; வெளியிலிருந்து நீங்கள்தான் திறக்க வேண்டும். யாராவது ஒருவர் 101 அல்லது 112-ஐ அழைக்கட்டும்.

அதன்பின், தீ இன்னும் சின்னதாக இருந்தால் மட்டுமே சிலிண்டரைக் கையில் எடுங்கள். பானெட்டுக்குள் புகை வந்தால் முழுக்கத் தூக்காதீர்கள், காற்று புகுந்து குப்பென்று எரியும். உள்ளே இருக்கும் லிவரை மட்டும் இழுத்து, கிடைக்கும் இடுக்கு வழியாக அடியுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்னைப் பிடுங்கி, சுடரின் அடிப்பகுதியைக் குறிவைத்து இடவலமாக வீசுங்கள். சிலிண்டர் காலியானபிறகும் எரிந்தால் விட்டுவிட்டு விலகுங்கள். மின்சாரக் காரின் பேட்டரியிலிருந்து சீறலோடு புகை வந்தால் அடிக்கவே முயல வேண்டாம். லித்தியம் பேட்டரி தன் சூட்டாலேயே எரிந்துகொண்டு போகும், பவுடர் அதைக் குளிர்விக்காது.

இங்கிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வாடகைக் கார் பிடிக்கிறவர்கள், ஏறும்முன் டிரைவரிடம், “அண்ணே, சிலிண்டர் எங்கே இருக்கு?” என்று கேட்டு வையுங்கள். அவருக்கே தேட வேண்டியிருந்தால், கிளம்புவதற்கு முன்பே எடுத்து முன்னால் கட்டச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை முள்ளைப் பாருங்கள். குலுங்கிக் குலுங்கிப் பவுடர் இறுகாமலிருக்க, கழற்றித் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையால் தட்டுங்கள். ஒரு விநாடி அடித்திருந்தாலும் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும். வால்வில் பவுடர் துகள் சிக்கி அழுத்தம் கசிந்துவிடும். நிரப்பும் கெடு வரும்போது, கடைக்குக் கொடுப்பதற்குமுன் வீட்டிலுள்ளவர்களை ஆளில்லாத திடலுக்கு அழைத்துப்போய் அந்தப் பழைய சிலிண்டரை அவர்கள் கையால் அடிக்கச் சொல்லுங்கள். பின் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, பவுடர் எவ்வளவு தூரம் போகிறது, எத்தனை சீக்கிரம் தீர்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.