சிவிலைசேஷன் 6 விளையாட்டில் தேர்ச்சி பெறுதல்

சிவிலைசேஷன் 6 என்பது ஒரு பேரரசைக் கட்டியெழுப்பும் கணினி வியூக விளையாட்டு ஆகும். சதுரங்கத்தைப் போலவே இதிலும் ஆட்டக்காரர்கள் முறை வைத்து ஆடுகின்றனர். கை வேகத்துக்கு இங்கு வேலையில்லை. சிந்தித்து முடிவெடுக்கும் திறனே வெற்றியைத் தீர்மானிக்கிறது. புதிதாக ஆடுவோர் ஏன் தோற்கின்றனர், எவ்வாறு முன்னேறலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்விளையாட்டின் திரையில் பெயர்கள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஆகவே தேவையான இடங்களில் அப்பெயர்கள் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன.

வரலாறு

இவ்வரிசையின் முதல் விளையாட்டை சிட் மையர், புரூஸ் ஷெல்லி ஆகியோர் வடிவமைத்தனர். மைக்ரோபுரோஸ் நிறுவனம் அதை 1991 ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆறாம் பதிப்பை ஃபிராக்சிஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, அது 2016 அக்டோபரில் வெளிவந்தது. இதன் தலைமை வடிவமைப்பாளர் எட் பீச். ரைஸ் அண்ட் ஃபால் (2018), கேதரிங் ஸ்டார்ம் (2019) என்னும் இரு விரிவுத் தொகுப்புகள் பின்னர் வந்தன.

ஆட்டத்தின் அமைப்பு

ஆட்டம் கி.மு. 4000 இல் தொடங்குகிறது. வழக்கமான வேகத்தில் அதிகபட்சம் 500 சுற்றுகள் ஆடலாம். நிலப்படம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. தொடக்கத்தில் நகரம் அமைக்கும் ஒரு செட்லரும் ஒரு போர்வீரரும் மட்டுமே ஆட்டக்காரரிடம் இருப்பர்.

பெரும்பாலான கட்டங்கள் உணவு, உற்பத்தி, பொன், அறிவியல், பண்பாடு, சமய நம்பிக்கை ஆகிய ஆறு விளைவுகளில் சிலவற்றைத் தரும். நகரத்து மக்கள் ஒவ்வொருவரும் சுற்றுக்கு 2 உணவு உண்பர். மிஞ்சும் உணவே மக்கள்தொகையைப் பெருக்கும். உற்பத்தி நகரத்தின் உழைப்பு ஆகும். கட்டடம், படை, செட்லர் என எதை உருவாக்குவதற்கும் அதுதான் செலவாகிறது. இந்த உழைப்பை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வியே ஆட்டத்தின் உயிர்நாடி.

எங்கே தோற்கிறோம்?

பெரும்பாலோர் 150 ஆவது சுற்றில் எதிரியின் படை வாசலில் வந்து நிற்கும்போதுதான் தோல்வியை உணர்கின்றனர். ஆனால் அத்தோல்வி பெரும்பாலும் முதல் 50 சுற்றுகளிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கும். முழுஆண்டுத் தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணுக்கு ஜூன், ஜூலை மாதப் படிப்பே அடித்தளமாக இருப்பதைப் போன்றது இது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் அதிசயத்தைக் கட்ட 180 உற்பத்தி வேண்டும். முதல் செட்லருக்கு 80 போதும். அடுத்தடுத்த செட்லர்களின் விலை படிப்படியாக ஏறும். அப்படியும் ஓர் அதிசயத்துக்கு ஆகும் உழைப்பில் ஏறத்தாழ இரண்டு நகரங்களை அமைக்கலாம். அந்த இரு நகரங்களும் ஆட்டம் முடியும்வரை சுற்றுதோறும் பலன் தரும். அதிசயத்தையோ வேறொரு நாடு முந்திக் கட்டிவிட்டால் நமக்குக் கிடைக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட மற்றொன்றின் மதிப்பைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பர். எதைக் கட்டும் முன்பும் “இதற்காக எதை இழக்கிறேன்?” என்று கேட்டுப் பழகுவதே தேர்ச்சியின் முதற்படி.

முதல் 50 சுற்றுகள்

1. முதல் செட்லரை நெடுந்தொலைவு அலைய விடாமல் ஓரிரு சுற்றுகளுக்குள் நகரமாக்குவது நன்று.

2. முதலில் ஸ்கவுட் என்னும் வேவு வீரரையும், அடுத்து கவண்வீசும் ஸ்லிங்கரையும், பின்னர் செட்லரையும் உருவாக்கலாம். இது பலர் பின்பற்றும் வரிசை. அண்டையில் பகைநாடு இருந்தால் படையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

3. வேவு பார்ப்பதை விரைந்து செய்ய வேண்டும். ஒரு நகர அரசை எல்லோருக்கும் முன்பாகச் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசமாகக் கிடைப்பார். அது அறிவியல் நகர அரசாக இருந்தால், அந்த ஒரு தூதராலேயே தலைநகருக்குச் சுற்றுதோறும் 2 அறிவியல் கூடும்.

4. பார்பேரியன்களின் வேவு வீரர் நம் நகரத்தைக் கண்டால் தன் முகாமுக்குத் திரும்பிச் சென்று செய்தி சொல்வார். பின்னர் அம்முகாமிலிருந்து படை கிளம்பும். அவர் திரும்புமுன் வீழ்த்திவிடுவது நல்லது.

அனுபவமுள்ள ஆட்டக்காரர் பலர் 100 ஆவது சுற்றுக்குள் எட்டு முதல் பத்து நகரங்களை இலக்காகக் கொள்கின்றனர். புதியவர்கள் ஐந்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம்.

நகரத்துக்கு இடம் தேர்தல்

நீர் இல்லாத இடத்தில் குடியிருப்பு வளராது. ஆறு, ஏரி போன்ற நன்னீரின் அருகில் அமைக்கும் நகரத்துக்கு 5 வீட்டுவசதி கிடைக்கும். கடற்கரையில் 3, நீரற்ற இடத்தில் 2 மட்டுமே. வீட்டுவசதியை மக்கள்தொகை நெருங்கும்போது வளர்ச்சி மந்தமாகும்.

நகரத்து மக்கள் மூன்று கட்டத் தொலைவு வரை உழைக்க முடியும். ஒரே நிலப்பரப்பில் இரு நகரங்களுக்கு இடையே குறைந்தது மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. பரந்த இடைவெளி விட்டு அமைப்பதைக் காட்டிலும் இந்த விதிக்கு ஒட்டி நெருக்கமாக அமைத்தால் அதிக நகரங்கள் கிடைக்கும், காவலும் எளிதாகும். ரைஸ் அண்ட் ஃபால் தொகுப்புடன் ஆடுவோர் பிற நாட்டின் பெரிய நகரங்களை ஒட்டிக் குடியேறக் கூடாது. விசுவாசம் குறைந்து அந்நகரம் கைவிட்டுப் போகும்.

வட்டாரங்கள்

ஆறாம் பதிப்பில் நூலகம், சந்தை போன்றவை நகரத்துக்குள் அமைவதில்லை. அவற்றுக்கென டிஸ்ட்ரிக்ட் எனப்படும் தனி வட்டாரம் வெளிக் கட்டத்தில் கட்டப்படுகிறது. முதல் சிறப்பு வட்டாரத்தை 1 மக்கள்தொகையிலும், இரண்டாவதை 4 இலும், மூன்றாவதை 7 இலும் கட்டலாம்.

கேம்பஸ் என்னும் கல்வி வட்டாரம் அருகிலுள்ள ஒவ்வொரு மலைக்கும் 1 அறிவியல் கூடுதலாகப் பெறும். மூன்று மலைகளை ஒட்டி அதை 40 ஆவது சுற்றில் அமைத்தால் 140 ஆவது சுற்றுக்குள் 300 அறிவியல் கூடுதலாகச் சேரும். அதே வட்டாரத்தைச் சமவெளியில் போட்டால் இந்த 300 உம் இழப்பே. வணிக வட்டாரத்துக்கு ஆற்றங்கரை ஏற்றது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆய்வு வளர வளர வட்டாரங்களின் விலை ஏறும். ஆனால் கட்டத்தில் இடம் குறித்த நாளின் விலை அப்படியே நின்றுவிடும். எனவே இடத்தை முன்கூட்டியே குறித்துவிட்டு, வசதிப்படும்போது கட்டி முடிக்கலாம்.

யுரேகா

பெரும்பாலான தொழில்நுட்பங்களுக்கு யுரேகா எனப்படும் ஒரு சிறு செயல் உண்டு. அதைச் செய்தால் ஆய்வுச் செலவில் பெரும்பகுதி குறையும். விரிவுத் தொகுப்புகளுடன் ஆடும்போது இக்குறைப்பு 40 விழுக்காடு. சில எடுத்துக்காட்டுகள்:

எழுத்து: வேறொரு நாட்டைச் சந்தித்தல்.
வில்வித்தை: ஸ்லிங்கரைக் கொண்டு ஒரு பகைவரை வீழ்த்துதல்.
கப்பலோட்டம்: கடற்கரையில் நகரம் அமைத்தல்.
கல் கட்டுமானம்: கல்சுரங்கம் அமைத்தல்.

யுரேகா விரைவில் கிடைக்கும் எனத் தெரிந்தால், அந்த ஆய்வை 60 விழுக்காட்டில் நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடங்குவது சிக்கனம்.

வெற்றி வழியைத் தேர்தல்

அறிவியல், பண்பாடு, சமயம், போர் ஆகிய நான்கு வழிகளில் வெல்லலாம். கேதரிங் ஸ்டார்மில் ஐந்தாவதாக அரசுறவு வழியும் சேர்ந்தது. எவரும் இவற்றில் வெல்லாவிட்டால் இறுதிச் சுற்றின் புள்ளிகள் முடிவைத் தீர்மானிக்கும். அறிவியலில் விண்வெளித் திட்டங்களை முடிக்க வேண்டும். பண்பாட்டில் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்க வேண்டும். போரில் பிற நாடுகள் அனைத்தின் முதல் தலைநகரங்களையும் கைப்பற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கால் வைப்பவர் எதையும் முடிப்பதில்லை. 60 அல்லது 70 ஆவது சுற்றுக்குள் ஒரு வழியைத் தேர்ந்து, புதிய நகரங்கள்தோறும் அதற்குரிய வட்டாரத்தையே முதலில் கட்ட வேண்டும். அமைதி வழியை நாடுவோருக்கும் வில்வீரர்களும் மதில்களும் தேவை. காவல் இல்லாத நாட்டைக் கணினி எளிதில் குறிவைக்கும்.

கடின நிலைகளும் மீள்பார்வையும்

ஆட்டத்தில் எட்டுக் கடின நிலைகள் உள்ளன. நான்காவதான பிரின்ஸ் பொதுவாகச் சமநிலை எனக் கருதப்படுகிறது. அதற்கு மேல் செல்லும்போது கணினிக்குச் சலுகைகள் கூடும். உச்ச நிலையான டீட்டியில் கணினி மூன்று செட்லர்களுடன் தொடங்க, ஆட்டக்காரரிடம் ஒருவரே இருப்பார். அந்நிலையில் தொடக்கத்தில் பின்தங்குவது இயல்பு. பிரின்ஸில் இருமுறை தொடர்ந்து வென்ற பின்னரே அடுத்த நிலைக்குச் செல்வது நலம்.

25, 50, 100 ஆவது சுற்றுகளில் ஆட்டத்தைச் சேமித்து, நகரங்களின் எண்ணிக்கை, அறிவியல், பண்பாடு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். தோற்றால் உடனே புதிய ஆட்டத்தைத் தொடங்காமல் 50 ஆவது சுற்றைத் திறந்து பார்க்க வேண்டும். திருத்திய விடைத்தாளைப் படித்துப் பார்க்கும் மாணவரே அடுத்த தேர்வில் முன்னேறுகிறார்.

நேரக் கட்டுப்பாடு

“இன்னும் ஒரே ஒரு சுற்று” என்பது இவ்விளையாட்டைப் பற்றி உலகெங்கும் சொல்லப்படும் வாசகம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏதேனும் ஒன்று முடியும் தறுவாயில் இருப்பதால் எழுந்து செல்ல மனம் வராது. பலர் விடிய விடிய ஆடிவிடுகின்றனர். சோர்ந்த மூளை மேலே சொன்ன கணக்குகளைப் போடாது, பொத்தானை மட்டும் அழுத்தும். இன்று 30 சுற்றுகள் என வரம்பு வைத்து, அதை அடைந்ததும் சேமித்துவிட்டு எழ வேண்டும். ஆட்டம் நாளையும் அதே சுற்றில் காத்திருக்கும். பாடமும் உறக்கமும் அப்படிக் காத்திருப்பதில்லை. வாய்ப்புச் செலவு என்ற பாடம் திரைக்கு வெளியேயும் பொருந்தும்.

அடுத்த பதிப்பு

ஏழாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் கண்டுபிடிப்புப் பயணங்களின் காலகட்டத்துக்குரிய நாகரிகங்களுள் ஒன்றாகச் சோழர் இடம்பெற்றுள்ளனர். விதிகள் பல மாறியிருந்தாலும், தொடக்கச் சுற்றுகளில் உழைப்பை எண்ணிச் செலவிடும் பழக்கம் அங்கும் கைகொடுக்கும்.