ஸ்டான்லி குப்ரிக் கண்காட்சி

ஸ்டான்லி குப்ரிக் கண்காட்சி என்பது அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் (1928 - 1999) படைப்புகளை விளக்கும் பயணக் கண்காட்சி ஆகும். இது 2004 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில் முதன்முதலாக அமைக்கப்பட்டது. குப்ரிக் விட்டுச்சென்ற ஆவணங்களும் கருவிகளும் இதற்கு அடிப்படையாக அமைந்தன. பின்னர் பாரிஸ் (2011), லாஸ் ஏஞ்சலஸ் (2012), லண்டன் (2019) உட்படப் பல நகரங்களில் இது நடைபெற்றது.

வடிவமைப்புச் சிக்கல்

திரைப்படத்தின் கால அளவை இயக்குநர் தீர்மானிக்கிறார். கண்காட்சியிலோ, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நடந்து செல்லும் பார்வையாளரே தீர்மானிக்கிறார். எனவே படத்தின் துண்டுக் காட்சிகளைத் திரையிடுவதால் மட்டும் படம் பார்த்த அனுபவம் கிடைப்பதில்லை. வெறும் பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கினாலும் அவை படத்திலிருந்து பிரிந்து நிற்கும். இவ்விரண்டையும் இணைப்பதே வடிவமைப்பாளரின் பணியாகும்.

வெளியை அமைத்தல்

குப்ரிக்கின் பல காட்சிகளில் பக்கக் கோடுகள் அனைத்தும் தொலைவில் ஒரே புள்ளியில் சேர்வதைக் காணலாம். 2019 இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் நுழைவாயிலே இம்முறையில் ஒரு நீண்ட நடைவழியாக அமைக்கப்பட்டது. தரையில் 'த ஷைனிங்' (1980) படத்தில் வரும் தங்குவிடுதிக் கம்பளத்தின் வடிவம் இடம்பெற்றது. இதனால் இயக்குநரின் காட்சியமைப்பு முறையைப் பார்வையாளர் விளக்கக் குறிப்பைப் படிக்கும் முன்னரே உணர முடிந்தது.

பொருளும் காட்சியும்

'பாரி லிண்டன்' (1975) படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளுக்கு, நாசாவுக்காகக் கார்ல் சைஸ் நிறுவனம் உருவாக்கிய வில்லை பயன்பட்டது. அதன் துளை எண் 0.7 ஆகும். இவ்வெண் குறையக் குறைய வில்லை அதிக ஒளியை உள்ளே விடும். வில்லை தனித்து வைக்கப்பட்டால் அது வெறும் கண்ணாடியே. அதனால் படமான காட்சி அருகிலேயே ஓடும்போது காரணமும் விளைவும் ஒருங்கே விளங்குகின்றன.

குப்ரிக் திட்டமிட்டும் எடுக்க இயலாத படம் 'நெப்போலியன்'. அதற்காகத் தொகுக்கப்பட்ட குறிப்பட்டைகளின் இழுப்பறைப் பெட்டி இக்கண்காட்சியில் இடம்பெற்றது. திரையரங்கில் ஒருபோதும் காண முடியாத ஒரு படத்தை இங்கு ஓரளவு அறியலாம்.

நம்பகத்தன்மை

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்திற்காகச் செய்யப்பட்ட விண்கல மாதிரிகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. இத்தகைய நிலையில் எது மூலப்பொருள், எது மறு உருவாக்கம் என்பதைக் குறிப்புப் பலகை தெளிவாகக் கூற வேண்டும். அவ்வாறு கூறாவிடில், சூழல் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் கண்காட்சி சான்றாகும் தகுதியை இழந்து அலங்காரமாகவே எஞ்சும்.