வீட்டுக்கு வந்த கட்டிங் மெஷின்

ஆட்டோவின் பின்கண்ணாடியில் பிள்ளைகளின் பெயர், பைக் டேங்கில் ஒரு கழுகு, கடைக் கதவில் ‘தள்ளவும்’ என்ற எழுத்து. ஊருக்கு ஊர் இருக்கும் ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் இவற்றை வெட்டித் தருவது கட்டிங் பிளாட்டர் என்ற இயந்திரம். கணினியில் வரைந்த கோட்டின் வழியே ஒரு சிறு பிளேடு ஓடி, பளபளப்பான வினைல் தாளை எழுத்து எழுத்தாக வெட்டிவிடும். அதே இயந்திரம் உருவத்தில் சுருங்கி, இப்போது வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது. வாழ்த்து அட்டை, டப்பா லேபிள், டி-ஷர்ட் எழுத்து, கொலு அலங்காரம் என்று கத்தரிக்கோலால் மணிக்கணக்கில் செய்யும் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துத் தருகிறது.

இதன் முன்னோர்கள் பெரிய தொழிற்கூடங்களைச் சேர்ந்தவர்கள். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1940-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர் ஜோசப் கெர்பர். ஆயத்த ஆடைத் தொழிலுக்காக, கணினி வழிநடத்தும் துணி வெட்டும் இயந்திரத்தை 1960களின் இறுதியில் அவர் உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் வினைலில் எழுத்து வெட்டும் இயந்திரத்தையும் கொண்டுவந்தது. தூரிகையால் எழுதிவந்த பெயர்ப்பலகைத் தொழிலின் போக்கே அதன் பிறகு மாறியது. 1994-ல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கெர்பருக்குக் கிடைத்தது.

வீட்டு இயந்திரங்களைப் பரவலாக்கியது யூட்டா மாநிலத்தில் கைவினைப் பொருள்கள் விற்றுவந்த புரோவோ கிராஃப்ட் நிறுவனம். 2000களின் நடுவில் அது கொண்டுவந்த ‘கிரிகட்’ இயந்திரத்துக்குக் கணினியே தேவைப்படவில்லை. படங்கள் அடங்கிய கார்ட்ரிட்ஜைச் செருகி, பொத்தானை அழுத்தினால் போதும். கார்ட்ரிட்ஜில் இல்லாத படத்தை வெட்ட முடியாது என்பதுதான் குறை. இன்றைய இயந்திரங்கள் கணினியிலும் கைப்பேசியிலும் வரைந்த எதையும் வெட்டும். கிரிகட்டுக்குப் போட்டியாக, ஜப்பானின் கிராஃப்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ‘சில்ஹவுட் கேமியோ’வும், ஸ்கேனரையே உள்ளே வைத்திருக்கும் பிரதர் நிறுவனத்தின் ‘ஸ்கேன்என்கட்’டும் சந்தையில் இருக்கின்றன.

உள்ளே முக்கியமாக நடப்பது இரண்டு அசைவுகள். பிளேடைத் தாங்கிய தலை இடமும் வலமுமாக நகர்கிறது; உருளைகள் தாளை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் சரியான அளவில் நடந்தால் வட்டம், வளைவு, கொம்பு, சுழி எல்லாம் கிடைத்துவிடும்.

பிளேடின் வேலைதான் நுட்பமானது. அதைத் திருப்ப மோட்டார் எதுவும் இல்லை. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் வண்டி போகும் திசைக்குத் தானே திரும்புவதைப் போல, பிளேடும் இழுக்கப்படும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. அதன் முனை சுழலும் அச்சிலிருந்து சற்றே விலகியிருப்பதால் இது நடக்கிறது. பல வினைல் கட்டர்களில் அந்த விலகல் கால் மில்லிமீட்டர்தான். அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மென்பொருள் பாதையைத் திருத்தாவிட்டால் மூலைகள் மழுங்கிப்போகும்.

புதிதாக வாங்குபவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய ஒன்று உண்டு. மேட் எனப்படும் பசை விரிப்பில் ஒட்டியிருப்பது டிஷ்யூ தாளா, தடித்த அட்டையா என்று பெரும்பாலான வீட்டு இயந்திரங்களுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். எந்த பிளேடு, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு பசையுள்ள மேட் என்ற மூன்றும் பொருளுக்குப் பொருத்தமாக அமைந்தால் வேலை சுத்தமாக வரும். ஒன்று பிசகினாலும் தாள் கிழியும், அல்லது வெட்டே விழாது.

தாள், அட்டை, வினைல் ஆகியவற்றுக்கு 45 பாகைக் கோணத்தில் தீட்டிய சாதாரண பிளேடு போதும். தடித்த பொருளுக்கு 60 பாகைப் பிளேடு வேண்டும். அழுத்தம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கிரிகட் எக்ஸ்புளோர் வகை சுமார் 400 கிராம் அழுத்தம் தரும். 2017-ல் வந்த மேக்கர் வகை 4 கிலோ வரை தரும். மெல்லிய மரத்தகடும் தோலும் வெட்ட நினைப்பவர்களுக்குத்தான் அவ்வளவு வலு தேவை. மேட் என்பது ஒரு பக்கம் பசை தடவிய பிளாஸ்டிக் விரிப்பு. பெரும்பாலும் 12 அங்குலச் சதுரம். மெல்லிய தாளைப் பசை கூடிய மேட்டில் ஒட்டினால் எடுக்கும்போது கிழியும். எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு: மேட்டைக் கவிழ்த்து வைத்து, மேட்டை வளைத்து உரிக்க வேண்டும். தாளைப் பிடித்து இழுத்தால் அது சுருண்டுவிடும்.

ஸ்டிக்கர் வினைலின் தடிமன் 0.06 முதல் 0.08 மில்லிமீட்டர் வரை இருக்கும். பிளேடு அந்த அளவுக்கு மட்டும் இறங்கி, அடித்தாளைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு புதுத் தாளுக்கும் முதலில் ஒரு டெஸ்ட் கட் அவசியம். ஓரத்தில் ஒரு சிறு சதுரமும் அதனுள் ஒரு முக்கோணமும் வெட்டிப் பார்க்கலாம். முக்கோணம் பிசிறில்லாமல் உரிந்து, அடித்தாளில் லேசான கீறல் மட்டும் தெரிந்தால் அளவு சரி. இந்த ஒரு நிமிடம் ஒரு முழுத் தாளை மிச்சப்படுத்தும்.

வெட்டிய பிறகு வேண்டாத பகுதிகளைக் கொக்கி ஊசியால் உரித்தெடுத்து, மிச்சமுள்ள எழுத்தின் மேல் டிரான்ஸ்ஃபர் டேப்பை ஒட்டித் தூக்கி, வேண்டிய இடத்தில் பதிக்க வேண்டும். டி-ஷர்ட்டுக்கான வினைல் வேறு வகை, சூட்டில் ஒட்டுவது. அதைப் பளபளக்கும் பிளாஸ்டிக் பக்கம் கீழே இருக்குமாறு மேட்டில் வைத்து, எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வெட்ட வேண்டும். ஒட்டும்போது அயர்ன் பெட்டியில் நீராவி கூடாது.

தமிழில் எழுத்து வெட்டுபவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. சில கட்டிங் மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் சிதறி வரும்; கொம்பும் காலும் இடம் மாறும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் எழுத்தை அமைத்து, அதைக் கோட்டுருவமாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பகுதிகளை இணைத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால் இந்தச் சிக்கல் தீரும். இணைக்காமல் விட்டால் எழுத்துக்குக் குறுக்கே பிளேடு ஓடிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி சிறியது என்பதால் உரிக்கும்போது அதுதான் முதலில் தொலையும். தடித்த எழுத்துரு நல்லது. முக்தா மலர், மீரா இனிமை போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்டென்சில் வெட்டும்போது ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும்; அதைப் பிடித்துக்கொள்ளச் சிறு பாலங்கள் விட வேண்டும்.

இயந்திரத்தோடு மென்பொருளின் விதிகளையும் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். 2021 மார்ச்சில் கிரிகட் நிறுவனம், கட்டணம் செலுத்தாதவர்கள் மாதம் 20 படங்களை மட்டுமே பதிவேற்றலாம் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்களின் கடும் எதிர்ப்பால் அதே மாதத்தில் முடிவைத் திரும்பப் பெற்றது. சில்ஹவுட்டின் மென்பொருள் கோப்புகளை நம் கணினியிலேயே வைத்துக்கொள்ள விடுகிறது.

பராமரிப்பு எளிது. பிளேடில் சிக்கிய துணுக்குகளை அகற்ற, உருட்டிய அலுமினியத் தாளில் சில முறை குத்தி எடுக்கலாம். மேட்டில் தூசி படியாமல் மூடி வைக்கலாம். குடிக்கும் கோப்பையின் விளிம்பிலும் உணவு படும் இடத்திலும் வினைல் ஒட்டக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள், உரித்தெடுக்கக்கூடிய வகை வினைலில் ஒரு சிறு சுருளை முதலில் வாங்குங்கள். சமையலறை டப்பாக்களின் வெளிப்புறத்துக்கு ‘உளுந்து’, ‘துவரை’, ‘சீரகம்’ என்று ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுங்கள். கோணலாகிவிட்டால் உரித்துவிட்டு வேறொன்று வெட்டிக்கொள்ளலாம். கை பழகிய பிறகு துணிக்கும் அட்டைக்கும் போங்கள்.