ஆலன் ஷியரர்: தலையால் கோல் அடித்தவர் கேட்ட தலையாய கேள்வி

பிரீமியர் லீக் ரசிகர்களுக்கு 260 என்ற எண் அத்துப்படி. அந்தத் தொடரில் ஆலன் ஷியரர் அடித்த கோல்கள் அவை. இன்றுவரை யாரும் தொடாத சாதனை. அதில் 46 கோல்கள் தலையால் முட்டி அடித்தவை. ஓய்வுக்குப் பிறகு அவரைக் கவலைப்பட வைத்ததும் அந்தத் தலைமுட்டுதான்.

யார் இவர்?

இங்கிலாந்தின் நியூகாசில் பையன். அப்பா உலோகத் தகடு வேலை பார்த்த தொழிலாளி. 1988-ல், 17 வயதில், சவுத்தாம்ப்டன் அணிக்காக ஆர்சனலுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். 1995-ல் பிளாக்பர்னுடன் சாம்பியன். 1996 யூரோ கோப்பையில் 5 கோல்களுடன் முதலிடம். அதே ஆண்டு, அன்றைய உலக சாதனை விலையான 1.5 கோடி பவுண்டுக்குச் சொந்த ஊர் அணிக்கே திரும்பினார். இங்கிலாந்துக்காக 63 ஆட்டங்களில் 30 கோல்கள்.

ஓய்வுக்குப் பிறகு?

2006-ல் ஓய்வு. கௌரவ ஆட்டத்தின் மூலம் திரட்டிய 16.4 லட்சம் பவுண்டை அறப்பணிகளுக்குக் கொடுத்தார். பிறகு பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சியில் விமர்சகர். குழந்தைகள் பாதுகாப்புக்கான என்எஸ்பிசிசி அமைப்பின் தூதர். 2012-ல் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, நியூகாசிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான மையத்துக்குத் துணை நிற்கிறார்.

அப்படி என்ன கேட்டார்?

பந்தைத் தலையால் முட்டி முட்டியே மூளை பாதிக்கப்படுமா? 2017-ல் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் இதைக் கேட்டார். சும்மா கேட்கல, தானே பரிசோதனைக்கும் உட்கார்ந்தார்.

இதை முதலில் கேட்டவர் அவர் இல்லை. முன்னாள் இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்லே 2002-ல், 59 வயதில் இறந்தார். இது தொழிலால் வந்த நோய் என்று விசாரணையில் தீர்ப்பானது. அதன்பின் அவர் குடும்பம் பல ஆண்டுகள் நியாயம் கேட்டது. ஆனா, கோல் அடித்தே பெயர் வாங்கிய ஒருத்தர் அதே கேள்வியை டிவியில் கேட்டா, ஊரே திரும்பிப் பார்க்கும் இல்லையா?

ஆய்வு சொல்வது என்ன?

2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 7,676 முன்னாள் வீரர்களின் விவரங்களை ஆராய்ந்தது. மூளை நரம்புச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட இவர்களிடம் மூன்றரை மடங்கு அதிகம். 2021-ல் அதே குழு இன்னொன்றையும் கண்டது: தலையால் அதிகம் முட்டும் தடுப்பு வீரர்களுக்கு ஆபத்து சுமார் 5 மடங்கு, முட்ட வேண்டிய அவசியமே இல்லாத கோல்கீப்பர்களுக்கோ பொதுமக்கள் அளவுதான். தலைமுட்டுதான் காரணம் என்பதற்கு இது முழு நிரூபணம் இல்லை. ஆனா, சந்தேகம் வலுக்கிறது.

என்ன மாறியது?

2020 முதல் இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சியில் தலைமுட்டு வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது. 2021 முதல் தொழில்முறை வீரர்களுக்கும் பயிற்சியில் வாரத்துக்கு 10 பலமான முட்டுகள்தான் பரிந்துரை.

தொழில்முறை ஆட்டத்தில் தலைமுட்டு அப்படியேதான் இருக்கிறது. அது இல்லாத ஃபுட்பாலை ரசிகர்கள் ஏற்பார்களா என்பது தெரியாது. ஆனால், பந்துக்காக எகிறும் ஒவ்வொரு வீரருக்கும் அதன் விலை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். ஷியரர் விளையாடிய காலத்தில் அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.